சாக்குருவியா, காவல்காரனா?

இரவு மணி 10. மறைமலை நகரில் இரவு வேலைக்குப் போகிறவர்கள் பஸ்சுக்குக் காத்து நிற்கிறார்கள். திடீரென்று புளிய மரத்தில் ஓர் அலறல்!

"சாக்குருவி கத்துகிறதே! யாருக்கு என்ன ஆகப் போகிறதோ?" என்கிறார் ஒருவர். இன்னொருவர் குனிந்து கல்லைத் தேடுகிறார்.

கொஞ்சம் பொறுங்கள்! அந்தப் பறவை செய்த குற்றம் என்ன?

கத்தியது புள்ளி ஆந்தை. மைனா அளவுதான் இருக்கும். பூச்சியும் சுண்டெலியும் அதன் இரை. துணையைக் கூப்பிடவும், "இது என் இடம்" என்று மற்ற ஆந்தைகளுக்குச் சொல்லவும் அது கத்துகிறது. யாருடைய சாவும் அதற்குத் தெரியாது.

பிறகு ஏன் இந்தப் பயம்? அந்தக் காலத்தில் நோயாளி படுத்திருக்கும் வீட்டில்தான் விடிய விடிய விளக்கு எரியும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடி ஆந்தை வரும். நோயாளி இறந்துவிட்டால் பழி ஆந்தையின் தலையில்! பயம் இப்படியும் வளர்ந்திருக்கலாம்.

வங்காளத்திலோ ஆந்தை லட்சுமியின் வாகனம். நம் சங்கப் புலவர் ஒருவரின் பெயரே கூகைக்கோழியார். அவர் பாட்டு புறநானூற்றில் இருக்கிறது.

பாறையில் குடித்தனம்

மறைமலை நகருக்கு வடக்கே, மேடவாக்கம் பக்கத்தில் நன்மங்கலம் காப்புக்காடு இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று. கொம்பன் ஆந்தையைப் பார்க்கப் பறவைப் பிரியர்கள் தேடிப் போகும் இடம் அது. கொம்பு போலத் தெரிவது வெறும் இறகுதான். இந்த ஆந்தை கூடு கட்டாது. பாறை விளிம்பிலேயே முட்டை இடும்.

எலிக்கு எமன்

வெள்ளை முகம் கொண்டது கூகை. அதன் காதுகளில் ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே! அதனால் கும்மிருட்டிலும் சத்தத்தை வைத்தே எலியைப் பிடித்துவிடும். இறகின் ஓரம் சீப்புப் பல் போல இருப்பதால், பறக்கும் சத்தம் எலிக்குக் கேட்காது. மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலியை ஒழிக்கக் கூகைக்குப் பெட்டி வீடே கட்டிக் கொடுக்கிறார்கள்.

இங்கேயோ மாந்திரீகம் என்று சொல்லி ஆந்தையைப் பிடித்து விற்கிறவர்கள் உண்டு. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம்.

பொந்து உள்ள பழைய மரத்தை வெட்டினால் ஆந்தை போய்விடும். எலி போகாது! நாம் தூங்கும்போது நம் நெல்லைக் காப்பது ஆந்தைதான். இனி அதன் குரல் கேட்டால், எடுத்த கல்லைக் கீழே போடுங்கள். காவல்காரன் வேலைக்கு வந்துவிட்டான் என்று நிம்மதியாகத் தூங்குங்கள்!