புளிப்புக்கு ஒரு குளிர்ந்த இரவு
பிரஸ்ஸல்ஸின் செர்ரி பீருக்கு யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றே அதைப் புளிக்கவைக்கிறது. ஆனால் காற்று சூடேறிவருகிறது

பீர் என்றதும் பொன்னிறத்தையும் லேசான கசப்பையும் எதிர்பார்ப்பவர்களை ‘கிரீக்’ திடுக்கிட வைக்கும். கோப்பையில் ஊற்றினால் மாணிக்கச் சிவப்பு. மேலே இளஞ்சிவப்பு நுரை. மூக்கருகே கொண்டுபோனால் முதலில் செர்ரி, பிறகு மெலிதாகப் பாதாம், அதற்கும் பின்னால் ஈர மரமும் குதிரை லாயமும் கலந்த ஒரு வாசம். முதல் மிடறில் எலுமிச்சையைக் கடித்தது போன்ற புளிப்பு, முகம் சுளிக்கும். இரண்டாவது மிடறில்தான் பழம் தெரியும். மூன்றாவதற்குள் குடிப்பவர் அதன் பரம விரோதியாகவோ பரம ரசிகராகவோ ஆகிவிடுவார்.

பெல்ஜியத் தலைநகர் பிரஸ்ஸல்ஸின் ஆன்டர்லெக்ட் பகுதியில், 1900இல் தொடங்கிய கான்டியோன் பீர் ஆலை இந்தப் புளிப்பின் கோட்டை. ஒரு காலத்தில் நகரில் நூற்றுக்கும் அதிகமான பீர் ஆலைகள் இருந்தன. அவை ஒவ்வொன்றாக மூடப்பட, கான்டியோன் மட்டும் பிடிவாதமாக நின்றது. குடும்பத்தின் மருமகனான ழான்-பியேர் வான் ராய் 1978இல் ஆலையையே ஓர் அருங்காட்சியகமாக்கினார். காட்சிப் பொருள்கள் தூங்கவில்லை, பீப்பாய்களில் பொங்கிக்கொண்டிருக்கின்றன.

செய்முறை எளிது, ஆனால் அவசரப்படுபவர்களுக்கு ஒத்துவராது. முளைகட்டிய பார்லி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, முளைகட்டாத கோதுமை ஒரு பங்கு. பழைய ஹாப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்த அந்தச் சாறு, கூரைக்கடியில் உள்ள ஆழமில்லாத, அகன்ற தாமிரத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்தே கிடக்கும். வெளிக்காற்றில் மிதக்கும் ஈஸ்ட்களும் பாக்டீரியாக்களும் அதில் வந்து இறங்கும். மறுநாள் காலை சாறு மரப் பீப்பாய்க்குப் போகும். அதன்பின் அவற்றின் ராஜ்யம்தான். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களின் உறவினர்கள் புளிப்பைத் தருகின்றன. பிரஸ்ஸல்ஸின் பெயரையே தாங்கிய ‘பிரெட்டனோமைசிஸ் புருக்செலென்சிஸ்’ என்ற ஈஸ்ட் அந்த லாய வாசனையைத் தருகிறது. இப்படி உருவாகும் பீரின் பெயர் லாம்பிக்.

செர்ரி வருவது கோடையில். லிட்டருக்குச் சுமார் 200 கிராம் புளிப்புச் செர்ரியைக் கொட்டையோடு சேர்த்து முதிர்ந்த லாம்பிக்கில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். பாதாம் வாசனைக்குக் காரணம் கொட்டைகள்தான். பழத்தின் சர்க்கரையை ஈஸ்ட்கள் தின்று தீர்த்துவிடுவதால் இனிப்பு மிஞ்சுவதில்லை. பழ வாசனைக்குப் படையெடுக்கும் ஈக்களைப் பிடிக்க ஆலையில் பூச்சிமருந்து கிடையாது, சிலந்திகள் இருக்கின்றன. அவற்றின் வலையை யாரும் கலைப்பதில்லை.

முன்பு நகரின் ஸ்கார்பேக் பகுதிச் செர்ரிகளே கிரீக்குக்குப் பெயர்பெற்றவை. நகரம் வளர்ந்தது, தோட்டங்கள் மறைந்தன. இன்று பெரும்பாலான பழம் வேறிடங்களிலிருந்து வருகிறது. இன்னொரு சோதனை சந்தையிலிருந்து வந்தது. பழச்சாறும் இனிப்பும் கலந்த ‘கிரீக்’குகள் கடைகளை நிறைத்தன. புளிப்புக்குப் பழகாத நாக்குகளுக்கு அவை சுலபமாக இறங்கின. பாரம்பரிய முறையில் செய்ததற்கு ‘அவுட கிரீக்’, அதாவது பழைய கிரீக், என்ற பெயரை ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் பதிவு செய்து பாதுகாத்தது. பெல்ஜியத்தின் பீர் கலாசாரத்தை 2016இல் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் எந்தச் சட்டமும் வானிலையைக் கட்டுப்படுத்தாது. சாறு ஒரே இரவில் பதமாக ஆறுவதற்கு வெளியே மைனஸ் 3 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது உத்தமம் என்பது இப்போது ஆலையை நடத்தும் மகன் ழான் வான் ராயின் கணக்கு. இரவு கதகதப்பாக இருந்தால் சாறு மெதுவாக ஆறும். வேண்டாத கிருமிகள் முந்திக்கொள்ளும். 2015 நவம்பரில் வெப்பம் குறையாததால் கான்டியோன் காய்ச்சுவதையே நிறுத்திவைத்தது. அவருடைய தாத்தா அக்டோபர் நடுவிலிருந்து மே வரை காய்ச்சினார். பேரனுக்கு அத்தனை நீண்ட பருவம் ஒருமுறைகூட வாய்த்ததில்லை.

குளிரூட்டும் இயந்திரம் எதற்கு இருக்கிறது என்று கேட்கலாம். மூடிய குழாயில் சட்டென்று ஆறவைத்தால் காற்று சாற்றைத் தொடாது. காற்று தொடாவிட்டால் அது லாம்பிக் இல்லை. செர்ரியை வெளியூரிலிருந்து வரவழைக்கலாம், பழைய மதுப் பீப்பாய்களை விலைக்கு வாங்கலாம். பிரஸ்ஸல்ஸின் குளிர்ந்த இரவை மட்டும் வேறெங்கிருந்தும் இறக்குமதி செய்ய முடியாது.