மண்ணின் ஈரமும் விண்ணின் அளவுகோலும்

ஈரம் இன்றேல் தேயிலை தளிர்க்காது. ஈரம் மிகின் மலைச்சரிவு நில்லாது. ஆதலின், அட்டன், நுவரெலியாப் பகுதிகளில் மண்ணின் ஈரத்தை அளந்தறிதல் பயிரை மட்டுமன்றி உயிரையும் பற்றிய வினாவாகும்.

மண்ணை அகழ்ந்தெடுத்து நிறுத்து, 105 பாகை செல்சியசு வெப்பத்தில் உலர்த்தி மீண்டும் நிறுத்து, குறைந்த நிறையைக் கொண்டு ஈரத்தைக் கணித்தலே நெடுங்கால வழக்கு. அது திருத்தமானது, எனினும், அகழ்ந்த இடத்தின் செய்தியை மட்டுமே கூறும். பரந்த நிலத்தை ஒருங்கே அளக்கும் பொருட்டு எழுந்ததே நுண்ணலைத் தொலையுணர்வு.

இம்முறைக்கு அடிப்படையாவது நீரின் ஓர் இயல்பாகும். மின்புலத்துக்கு ஒரு பொருள் எத்துணை இசைந்து கொடுக்கும் என்பதைக் காட்டும் மின்காப்பு மாறிலி, உலர்ந்த மண்ணுக்கு ஏறத்தாழ 4. நீருக்கோ ஏறத்தாழ 80. நிலம் தன் வெப்பத்தால் மெல்லிய நுண்ணலைகளை இயல்பாகவே வெளிவிடுகின்றது. மண்ணில் ஈரம் ஏற ஏற அவ்வெளியீடு குன்றுகின்றது. அக்குறைவை அளந்து ஈரத்தைக் கணிக்கின்றனர். ஏறத்தாழ 21 சதமமீற்றர் நீளமுடைய இவ்வலைகளை முகில் மறைப்பதில்லை; பருவமழையில் முகில் மூடிக்கிடக்கும் மலைநாட்டுக்கு இது பெருநன்மை. 2009 இல் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் 'ஸ்மொஸ்', 2015 இல் நாசாவின் 'ஸ்மாப்' ஆகிய செய்மதிகள் இதன்பொருட்டே ஏவப்பட்டன.

ஆயினும், தோட்டச் சரிவுகளில் மூன்று தடைகள் உள. முதலாவது பரப்பு. இச்செய்மதிகளின் ஓரளவீடு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் அகலமுள்ள நிலத்தின் சராசரியாகும். அட்டனும் நுவரெலியாவும் நேர்கோட்டில் 20 கிலோமீற்றர் அளவே இடைவெளி உடையன. அவ்விரண்டும், அவற்றை அடுத்த நீர்த்தேக்கங்களும் ஒரே எண்ணுள் அடங்கிவிடக்கூடும். இரண்டாவது ஆழம். செய்மதி உணர்வது மேல்மண்ணின் 5 சதமமீற்றர் அளவையே. தேயிலை வேரோ அதனினும் ஆழத்தில் நீர் தேடும். பெருமண்சரிவின் வழுக்குத் தளம் பல மீற்றர் கீழேயும் இருக்கலாம். மூன்றாவது நில அமைப்பு. செங்குத்துச் சரிவும், தேயிலைச் செடி, நிழல்மரம் ஆகியவற்றின் இலைநீரும் மண்ணின் குறியை மயக்குகின்றன. தானே அலை செலுத்தி எதிரொலி பெறும் 'சென்ரினல்-1' செய்மதி சிறு நிலத்துண்டுகளையும் பிரித்தறியும். ஆனால், அதன் 5.5 சதமமீற்றர் அலையை இலைகள் மேலும் தடுக்கும்.

2014 ஒக்டோபர் 29 இல் கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் லயக் குடியிருப்புகள் மண்ணுள் புதைந்தமை, இவ்வளவீட்டின் பொறுப்பை உணர்த்தும். மழைக்கு முன்னரே ஒரு பிரதேசம் எவ்வளவு நனைந்துள்ளது என்பதைச் செய்மதி கூறும். ஒரு லயத்தினர் எப்பொழுது வெளியேற வேண்டும் என்பதை அது கூறாது. அதனைக் கூறவல்லன அச்சரிவிலேயே நிறுவிய மழைமானியும், மண்ணுள் ஆழப் பதித்த கருவியும், நிலவெடிப்பைக் கண்டறியும் மக்களின் விழிப்புமே. விண்ணின் அளவு இவற்றுக்குத் துணையாகும், மாற்றாகாது.