பெடலில் பூட்டிய பாதம்

விடியற்காலத்தில் அடையாற்றிலிருந்து திருவான்மியூர் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் சைக்கிள் வீரர்களின் பாதங்கள் பெடலோடு ஒட்டியவைபோலச் சுழல்வதற்குக் காரணம், காலணியின் அடியில் திருகப்பட்ட கிளீட் என்னும் சிறு கட்டை பெடலின் வாயில் டக்கென்று பூட்டிக்கொள்வதேயாம்; குதிகாலை வெளிப்புறம் திருப்பினால் அது விடுபடும். பனிச்சறுக்குக் காலணிகளுக்குப் பூட்டுச் செய்துவந்த பிரான்ஸ் தேசத்து லுக் நிறுவனம் 1984-இல் வெளியிட்ட இவ்வகைப் பெடலைக் கொண்டே மறு வருஷம் பெர்னார் ஹினோ டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் ஜயம் பெற்றார்.

நீச்சல் 1.5, சைக்கிள் 40, ஓட்டம் 10 கிலோமீட்டர் என்று ஒலிம்பிக்கில் நடைபெறும் டிரையத்லானில், ஈரக்காலோடு ஓடிவந்து சைக்கிளேறுபவருக்கு, குதிகாலில் பிடித்திழுக்க ஒரு வளையமும், ஒரே இழுப்பில் இறுகும் அகலமான வெல்க்ரோ பட்டையும், நீர் வடியத் துவாரங்களும் உள்ள காலணியே உசிதம். தேர்ந்தவர்கள் அதை முன்கூட்டியே பெடலில் பூட்டி, தரையில் இடிக்காதபடி மெல்லிய ரப்பர் வளையத்தால் சட்டத்தோடு இணைத்துவிட்டு, ஓடும் சைக்கிளில் தாவியேறிக் கால் நுழைப்பார்கள். மிதிக்கத் தொடங்கியதும் ரப்பர் அறுந்துவிடும். பழகாதவர் இவ்வித்தையைக் காலியான மைதானத்தில் பயில்வதே விவேகம்.

தியாகராய நகர் சிக்னல்களிலும் மயிலாப்பூர் மாடவீதிகளிலும் அடிக்கடி காலூன்ற வேண்டியவருக்கு, கிளீட் உள்ளே பதிந்திருப்பதால் நடக்கவும் இசைவான எஸ்.பி.டி. என்னும் கிளீட் வகையே என் அபிப்பிராயத்தில் மேல். அளவு பார்த்துக் காலணி வாங்கக் கடைக்குச் சாயங்காலம் போவது நலம். பகலெல்லாம் உழைத்த பாதம் அப்பொழுது சற்றே வீங்கியிருக்கும்.