நிழல் விழாத கூடம்

இத்தாலியின் வெனிஸ் நகரில் ஜார்தீனி என்றொரு பூங்கா உண்டு. வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சிக்காகப் பல நாடுகள் இங்கே தத்தம் காட்சிக்கூடங்களைக் கட்டியுள்ளன. ஸ்வீடன், நார்வே, பின்லாந்து மூன்றுக்கும் பொதுவானது நார்டிக் காட்சிக்கூடம். 1958இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் நார்வே கட்டடக் கலைஞர் ஸ்வெர்ரே ஃபென் வென்றார். 1962இல் கூடம் திறக்கப்பட்டது.

வடநாடுகளில் சூரியன் தாழ்வாகவே நகரும்; வெளிச்சம் மென்மையாகப் பரவும். வெனிஸின் கோடை வெயிலோ கண்ணைக் கூசவைக்கும். வடக்கத்திய வெளிச்சத்தில் தீட்டிய ஓவியத்தை அதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதே ஃபென்னின் எண்ணம். அந்தப் பொறுப்பைக் கூரையிடம் ஒப்படைத்தார்.

கூரை இரண்டு அடுக்கு கான்கிரீட் உத்தரங்களால் ஆனது. ஒவ்வொரு உத்தரமும் 1 மீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் கனம். பலகையைச் செங்குத்தாக நிறுத்திவைத்தது போலிருக்கும். அடுத்தடுத்த உத்தரங்களுக்கு இடைவெளி அரை மீட்டர் அளவே. கீழடுக்குக்குக் குறுக்காக மேலடுக்கு செல்கிறது. இடைவெளியைப்போல் இருமடங்கு ஆழம் இருப்பதால், சாய்ந்து வரும் வெயில் உத்தரங்களின் பக்கங்களில் மோதிச் சிதறுகிறது; வெளிச்சம் மட்டும் கீழே கசிகிறது. வெண் சிமெண்ட், வெண் மணல், வெண் சலவைக்கல் தூள் ஆகியவற்றால் வார்த்த கான்கிரீட் அதை மேலும் வெளுப்பாக்குகிறது. மேலே பொருத்திய ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடுகள் மழைநீரை வடிக்கின்றன.

வடிவத்தின் மறுபாதி முரண்களால் ஆனது. இரண்டு பக்கம் மூடிய சுவர். மற்ற இரண்டு பக்கம் நகர்த்தும் கண்ணாடிக் கதவுகள். அவற்றை ஒதுக்கினால் கூடமும் பூங்காவும் ஒன்றாகிவிடும். திறந்த பக்கத்தில் கூரையைத் தாங்கும் பெரிய உத்தரம் ஒரு மரத்தை நெருங்கும் இடத்தில் கவையாகப் பிரிந்து அதற்கு இடம் விடுகிறது. கட்டுமான இடத்தில் நின்ற மரங்களை வெட்டாமல் கூரையிலேயே திறப்பு வைத்தார்கள். அடிமரம் தரையிலிருந்து எழுந்து, நேர்கோட்டு உத்தரங்களுக்கு இடையே புகுந்து வெளியே கிளை விரிக்கிறது.

கூடத்தின் நடுவில் தூண்கள் இல்லை. தூண் நிற்கவேண்டிய இடத்தில் மரம் நிற்கிறது. ஆனால் அது கூரையைத் தாங்குவதில்லை.