பண்டிதர் முன் அமர்ந்த பாதிரியார்

உலகத் தமிழ் மாநாடு என்றதும் நமக்கு அலங்கார ஊர்திகளும் தோரண வளைவுகளும் கடற்கரைச் சிலைகளும் நினைவுக்கு வருகின்றன. 1968இல் சென்னையில் நடந்த இரண்டாம் மாநாட்டின்போது மெரினாவில் எழுந்த சிலைகளில் வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி.யு.போப் ஆகிய மூவரும் உண்டு. மூவரும் கடல் கடந்து வந்து தமிழ் கற்ற கிறித்தவக் குருமார்கள். அந்த மாநாடுகள் நடைபெறக் காரணமாக இருந்த நான்காவது குரு ஒருவர் இருக்கிறார். அவர் எதிர்த்திசையில் பயணம் செய்தவர். தமிழ் மண்ணில் பிறந்து, கத்தோலிக்கப் பள்ளிகளில் ஆங்கிலமும் இலத்தீனும் கற்று, உரோமாபுரி வரை போய்த் திரும்பி, அதன் பிறகு தாய்மொழியின் இலக்கியத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினார். தனிநாயகம் அடிகள் என்று நாம் அழைப்பது அவரைத்தான்.

அவர் நிறுவிய அமைப்புகளையும் சுற்றிவந்த நாடுகளையும் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அவரை உருவாக்கியவர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. பள்ளி, திருச்சபை, ஆசிரியர்கள், அவர் வாழ்ந்த சமூகம் ஆகிய நான்கில் ஒன்று இல்லாதிருந்தாலும் நமக்கு இந்த மனிதர் கிடைத்திருக்க மாட்டார் என்று நான் நம்புகிறேன்.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவுப்பகுதியில், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தார். சேவியர் ஸ்தனிஸ்லாஸ் என்பது பிள்ளைப்பருவப் பெயர். தனிநாயகம் என்ற முன்னோர் பெயரைப் பிற்காலத்தில்தான் சேர்த்துக்கொண்டார். போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே கத்தோலிக்க வேர் இறங்கிய பகுதி அது. அங்கே கோவில் மணியும் கடல் காற்றும் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை வளர்க்கும். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் தொடக்கக் கல்வி பெற்று, பிறகு யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் சேர்ந்தார்.

பத்திரிசியார் கல்லூரி சாதாரணப் பள்ளி அல்ல. 1850இல் தொடங்கி, அமலமரித் தியாகிகள் சபைத் துறவிகளின் கையில் வளர்ந்தது. அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ அரசாங்க உத்தியோகத்தராகவோ வர விரும்பிய குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பிய இடங்களில் ஒன்று. ஒழுங்கான படிப்பு, திருப்பலி, விளையாட்டு, பேச்சுமேடை, அயர்லாந்திலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்த குருக்களின் கண்டிப்பு என்று நாள் முழுவதும் ஒரு கட்டுக்குள் ஓடும். உலகம் பெரியது, அதில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்ற எண்ணத்தை அந்தப் பள்ளி தீவிலிருந்து வந்த ஒரு பையனுக்குக் கொடுத்தது. ஆனால் அங்கே பாட மொழி ஆங்கிலம். தமிழ் ஓரமாகத்தான் இருந்தது. பள்ளியில் தமிழை ஆழமாகக் கற்காத குறையைத் தனிநாயகம் பிற்காலத்தில் மறைத்ததே இல்லை.

இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. காலனிய ஆட்சியில் எல்லாச் சமயத்துப் பள்ளிகளும் ஏறத்தாழ அப்படித்தான் இருந்தன. ஆனாலும் ஒரு பள்ளி தன் மாணவனுக்குக் கொடுத்ததை எண்ணும்போது, கொடுக்காமல் விட்டதையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கிறது. தனிநாயகத்தின் வாழ்க்கையில் இந்த இரண்டாவது கணக்குத்தான் பெரியது.

கொழும்பு புனித பெர்னார்து குருமடத்தில் மெய்யியல் படித்த பிறகு 1934இல் உரோமைக்குப் போனார். உலகின் பல கண்டங்களிலிருந்தும் மறைபரப்பு நாடுகளின் மாணவர்கள் வந்து சேரும் ஊர்பானியப் பல்கலைக்கழகத்தில் இறையியல் கற்றார். புனித சிப்ரியான் காலத்துக் கார்த்தேஜ் திருச்சபையின் குருக்களைப் பற்றி ஆய்வு செய்தார். இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம், போர்த்துக்கேயம், ஜெர்மன் என மொழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வசமாயின. ஒரே விசுவாசத்தை ஆளுக்கொரு மொழியில் சொல்லும் இளைஞர்களோடு ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் உணவருந்தியவருக்கு, ‘உன் மொழியில் என்ன இருக்கிறது?’ என்ற கேள்வி வராமல் இருக்காது. அங்கிருந்த தமிழ் மாணவர்களைச் சேர்த்து வீரமாமுனிவர் பெயரில் ஒரு கழகம் நடத்தினார். பள்ளியில் கிடைக்காத தமிழ்மீது ஏக்கம் பிறந்தது உரோமையில்தான் என்பது என் ஊகம்.

குருவானவராகத் திரும்பியவர் யாழ்ப்பாணத்துக்குப் போகவில்லை. தூத்துக்குடி மறைமாவட்டத்தில் சேர்ந்தார். அங்கே ஆயராக இருந்தவர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை. 1923இல் பொறுப்பேற்ற அவர், தற்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையின் முதல் இந்திய ஆயர். முத்துக்குளித்துறைக் கடற்கரை சார்ந்தது அவருடைய மறைமாவட்டம். 16ஆம் நூற்றாண்டில் பரதவர் சமூகம் முழுமையாகத் திருமுழுக்குப் பெற்ற கரை அது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் அழைக்கும் என்ரீக்கே என்ரீக்கஸ் மக்களோடு வாழ்ந்து தமிழ் கற்றதும், 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற சிறுநூலைத் தமிழாக்கியதும் இந்தக் கரையில் பணியாற்றிய காலத்தில்தான். தமிழ் அச்சு வரலாற்றின் தலைவாசலில் வந்து நிற்கிறோம் என்பது அந்த இளம் குருவுக்கு அப்போது எவ்வளவு தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பின்னாளில் அவரைவிட நன்றாக அதை அறிந்தவர்கள் சிலரே.

ஆயர் அவரை 1940இல் வடக்கன்குளம் புனித தெரேசாள் உயர்நிலைப்பள்ளிக்குத் துணைத் தலைமையாசிரியராக அனுப்பினார். வடக்கன்குளத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1745இல் தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவர் 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டார். இரண்டு சாதிகளுக்காக இரண்டு கூடங்களாகக் கோவில் கட்டி, நடுவில் சுவர் எழுப்பி, 1910இல் அந்தச் சுவரை இடித்துத் தள்ளிய ஊரும் அதுதான். விசுவாசமும் சாதியும் நேருக்கு நேர் மோதிய தழும்பு அந்த ஊரில் இருந்தது. சுவர் விழுந்து முப்பது ஆண்டுகள் ஆன பின்பு, உரோமையில் படித்த இருபத்தேழு வயதுக் குருவானவர் அங்கே வந்து, தமக்குத் தமிழ் சொல்லித்தரும்படி ஒரு பிராமணப் பண்டிதரைக் கேட்டார்.

பண்டிதர் குருசுவாமி சுப்பிரமணிய ஐயர் என்பது அவர் பெயர். ஆண்டுக்கணக்கில் பாடம் நடந்தது. எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அச்சேறிப் பரவத் தொடங்கி அரை நூற்றாண்டுதான் ஆகியிருந்த நேரம். உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894இல். 1942 வரை அவர் உயிரோடும் இருந்தார். சங்க இலக்கியத்தைத் தனியாக உட்கார்ந்து படித்துவிட முடியாது. பதம் பிரிக்க வேண்டும், திணையும் துறையும் தெரிய வேண்டும், உரையாசிரியர் எங்கே என்ன சொல்லுகிறார் என்று பக்கத்தில் இருந்து காட்ட ஒருவர் வேண்டும். பகலில் பள்ளியில் ஆசிரியராக நின்றவர், மற்ற நேரத்தில் மாணவராக உட்கார்ந்தார். பட்டங்கள் பெற்ற பிறகு மீண்டும் அரிச்சுவடிக்காரராக ஆவதற்குத் துணிவு வேண்டும். குருமடம் கற்பித்த கீழ்ப்படிதலும் பணிவும் அங்கே உதவின என்றே நினைக்கிறேன்.

அடிகளைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பண்டிதருக்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். அவர் எப்படிப் பாடம் சொன்னார், எந்த நூலில் தொடங்கினார், ஒரு பாதிரியார் தமிழ் கேட்டு வந்தபோது என்ன நினைத்தார் என்பதையெல்லாம் யாராவது தேடி எழுத வேண்டும். வடக்கன்குளத்தில் பழைய மாணவர் குடும்பங்கள் இருக்கின்றன, பள்ளியும் இருக்கிறது.

1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவராகச் சேர்ந்தபோது தனிநாயகத்துக்கு வயது 32. அங்கே துணைவேந்தராக இருந்தவர் எம்.இரத்தினசாமி, அவரும் கத்தோலிக்கர். தெ.பொ.மீனாட்சிசுந்தரனாரும் அ.சிதம்பரநாதன் செட்டியாரும் தமிழ்த்துறைக்கு அணிசெய்த காலம். சிதம்பரத்தில் நடராசர் கோவிலுக்குப் பக்கத்தில், வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் சைவ வைணவத் தமிழறிஞர்களின் வகுப்பில் உட்கார்ந்து பண்டைத் தமிழ்க் கவிதையில் இயற்கை என்ற பொருளில் ஆய்வு எழுதினார். கிரேக்க, இலத்தீன், வடமொழிக் கவிதைகளோடு நம் திணைக் கவிதையை ஒப்பிட்டு, மலையும் காடும் வயலும் கடலும் பாலையும் மனித உள்ளத்தின் நிலைகளோடு எப்படிப் பிணைந்து நிற்கின்றன என்று காட்டினார். குருமடத்து இலத்தீன் இங்கே கைகொடுத்தது. தமிழை மட்டும் படித்தவரால் அந்த ஒப்பீட்டைச் செய்திருக்க முடியாது, இலத்தீனை மட்டும் படித்தவராலும் முடியாது.

1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தோன்றியது. அதற்கடுத்த ஆண்டுகளில் மலாயா, ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றித் தமிழைப் பற்றிப் பேசினார். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். செக் நாட்டுக் கமில் சுவலபில் போன்றவர்கள் எழுதிய இதழ் அது. அன்று உலகப் பல்கலைக்கழகங்களில் இந்தியவியல் என்றால் சமஸ்கிருதம் என்றே பொருள். அந்த நிலையை மாற்ற மேடைப்பேச்சு போதாது, ஆய்வாளர் கையில் வைத்துப் படிக்கக்கூடிய சான்று வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார்.

சான்று தேடிய இடங்களில் அவருடைய குருத்துவம் கதவு திறந்தது. லிஸ்பனிலும் பாரிஸிலும் வத்திக்கானிலும் உள்ள நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களையும் சுவடிகளையும் தேடிப் பார்த்து எழுதினார். 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் சிறுநூல், அண்டிரிக் அடிகளாரின் நூல்கள் ஆகியவற்றைத் தமிழ் வாசகர் அறிந்துகொண்டதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. அந்தோனியோ டி புரோயென்சா தொகுத்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் கிடந்தது. அதை அப்படியே நிழற்படப் பதிப்பாக 1966இல் கோலாலம்பூரில் வெளியிட்டார். 17ஆம் நூற்றாண்டில் மக்கள் நாவில் இருந்த சொற்கள் நமக்கு மீண்டும் கிடைத்தன. அவர் செய்த பணிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. மாநாட்டுப் பந்தல்கள் கலைந்துவிடும், அந்த அகராதி இனி எந்தத் தமிழ் ஆய்வாளர் மேசையிலும் இருக்கும்.

1964 ஜனவரியில் புது தில்லியில் கீழைத்தேய ஆய்வாளர்களின் உலகக் கூட்டம் நடந்தபோது, வ.அய்.சுப்பிரமணியம் முதலானோரோடு சேர்ந்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை நிறுவினார். பிரான்சின் ழான் ஃபிலியோசா தலைவர். அடிகளும் சுவலபில்லும் செயலாளர்கள். அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவர். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. பிறகு சென்னை, 1970இல் பாரிஸ், 1974இல் யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணம் அவர் படித்த ஊர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தபோது இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்தவர் அவர். தமிழரின் மொழி உரிமைக்காக ஆங்கிலத்தில் வாதாடி எழுதினார். பேராசிரியர் சு.வித்தியானந்தன் தலைமையில் நடந்த நான்காம் மாநாட்டின் இறுதி நாளான 1974 ஜனவரி 10 அன்று, மாலை நிகழ்ச்சிக்குக் கூடிய மக்கள்மீது காவல்துறை பாய்ந்தது. மின்கம்பி அறுந்து விழுந்தது. கேட்க வந்தவர்கள் பிணமானார்கள். மொழியை அன்பின் தூதாக எண்ணி உலகம் சுற்றியவரின் கண்முன்னே, சொந்த ஊரில் அது நடந்தது. 1980 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் மறைந்தார்.

குருத்துவத்தை ஓரமாக வைத்துவிட்டுத்தான் தமிழுக்கு வந்தார் என்று சிலர் சொல்வதுண்டு. நான் அதை ஏற்கவில்லை. ‘தமிழ்த்தூது’ நூலில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் இயல்பைச் சொல்லி, தமிழைப் பக்தியின் மொழி என்று அவர் நிறுவுகிறார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட பெருஞ்சான்று நாயன்மாரும் ஆழ்வார்களும் பாடிய பாடல்கள். கடவுளிடம் பேசிப் பழகிய ஒருவருக்கே, வேறொரு சமயத்தார் கடவுளிடம் பேசும் தமிழ் இவ்வளவு நெருக்கமாகக் கேட்கும். அவருடைய விசுவாசம் திருவாசகத்தின்முன் கதவைச் சாத்திக்கொள்ளவில்லை.

இதில் ஆயர் ரோச்சின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பங்குகளுக்குக் குருக்கள் போதாத காலத்தில், நன்கு படித்த ஒரு குருவைத் தமிழ் படிக்க நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்துக்கு விடுவது எளிய முடிவல்ல. அப்படிப்பட்ட முடிவுகள் பிறகும் எடுக்கப்பட்டிருக்கின்றன. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றில் இன்றும் ஆங்கிலத்துக்குத்தான் முன்வரிசை. மருத்துவச் சேர்க்கைக்கும் பொறியியல் சேர்க்கைக்கும் தனி வகுப்பு உண்டு. விருப்பமுள்ள நான்கு பிள்ளைகளை மாலையில் உட்காரவைத்துக் குறுந்தொகை சொல்லித்தர ஓர் ஆசிரியரையும் ஓர் அறையையும் ஒதுக்குவது அந்தப் பள்ளிகளால் முடியாத செலவு அல்ல. வடக்கன்குளத்தில் அது 1940இலேயே நடந்திருக்கிறது.