‘பாபநாசம் போகணும்...’ எந்தப் பாபநாசம்? ஒரே பெயரால் 300 கி.மீ தடம் மாறும் பயணங்கள்!

தஞ்சாவூர் மாவட்டத்தில் உள்ள பாபநாசம் ரயில் நிலையம். விடியற்காலையில் குடும்பத்தோடு வந்து இறங்குகிறீர்கள். தோளில் பை, கையில் துண்டு, குளிப்பதற்குத் தயாராகக் குழந்தைகள். வெளியே நிற்கும் ஆட்டோ டிரைவரிடம், “அகஸ்தியர் அருவிக்கு எவ்வளவுண்ணே?” என்று கேட்டால் என்ன பதில் வரும்?

“அருவியா? அது திருநெல்வேலி பாபநாசம்ங்க. இது தஞ்சாவூர் பாபநாசம். இங்க காவிரி வாய்க்கால்தான் இருக்கு!”

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கிளம்பியவருக்கோ, நேர்முகத் தேர்வுக்குக் கிளம்பிய இளைஞருக்கோ இது சிரிக்கும் விஷயமில்லை. அந்த அமாவாசை போனால் அடுத்த ஆடிதான். தேர்வு நேரம் தவறினால் கதவு மூடிவிடும்.

புதிய ஊரில் வழி தவறுவது என்றால், தெரு தெரியாமல் சுற்றுவது என்றுதான் நினைப்போம். ஆனால், தமிழ்நாட்டில் பல நேரம் வழி தவறுவது தெருவில் அல்ல. டிக்கெட் எடுக்கும்போதே தவறிவிடுகிறது.

ஒரு பெயர்... இரண்டு ஊர்கள்

முதல் பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், கும்பகோணத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். சுற்றிலும் வயல். பாபநாசம் என்ற பெயரில் தாலுகாவும், சட்டமன்றத் தொகுதியும் இதுதான்.

இரண்டாவது பாபநாசம், திருநெல்வேலி மாவட்டத்தில், அம்பாசமுத்திரத்தை அடுத்து, விக்கிரமசிங்கபுரத்தை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. தாமிரபரணி, அணை, அகஸ்தியர் அருவி, நவ கைலாயத் தலங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோயில் எல்லாம் அங்கேதான். காரையாறு செல்லும் வழியில் உள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும்.

இரண்டுக்கும் இடையே 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம். இரண்டிலும் சிவன் கோயில் உண்டு. இரண்டிலும் ஆறு உண்டு. பாவம் தீரும் இடம் என்ற நம்பிக்கையும் இரண்டுக்கும் பொது. அதனால்தான், “பாபநாசம் கோயிலுக்குப் போறோம்” என்று சொன்னால் கேட்பவருக்கும் சந்தேகம் வருவதில்லை. அவரவர் மனதில் உள்ள பாபநாசத்தை நினைத்துக்கொண்டு தலையாட்டி விடுகிறார்கள்.

தாத்தாவின் பாபநாசம்... பேரனின் பாபநாசம்

ஒரே வீட்டுக்குள்ளேயே இந்தக் குழப்பம் வர வாய்ப்பு உண்டு. கர்நாடக இசை கேட்கும் தாத்தாவுக்கு, பாபநாசம் என்றதும் நினைவுக்கு வருபவர் பாபநாசம் சிவன். 1890-ல் போலகத்தில் பிறந்தவர். ராமய்யா என்பது இயற்பெயர். தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்தில் வாழ்ந்ததால் அந்த ஊர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

பேரனுக்கோ பாபநாசம் என்றால் 2015-ல் வெளிவந்த கமல்ஹாசன் படம். ஜீத்து ஜோசப் இயக்கிய அந்தப் படத்தின் கதை நடப்பது நெல்லைச் சீமையில். சுயம்புலிங்கம் பேசுவது நெல்லைத் தமிழ்.

தாத்தா “பாபநாசத்துக்கு டிக்கெட் போடுப்பா” என்கிறார். பேரன் செல்போனை எடுக்கிறான். இருவரும் பேசுவது ஒரே ஊரைப் பற்றித்தானா என்று யாரும் கேட்பதில்லை!

ரயில் டிக்கெட்டில் ஒளிந்திருக்கும் பொறி

நெல்லை பாபநாசத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. அங்கே போகிறவர்கள் திருநெல்வேலி - தென்காசி பாதையில் உள்ள அம்பாசமுத்திரத்தில் இறங்கி, பேருந்து பிடிக்க வேண்டும். ஆனால், முன்பதிவு செயலியில் ‘பாபநாசம்’ என்று தேடினால் ஒரு ரயில் நிலையம் வரத்தான் செய்யும். அது தஞ்சை பாபநாசம். அவசரத்தில் இருப்பவர், ‘நிலையம் இருக்கிறது, ரயில் இருக்கிறது, இடம் இருக்கிறது’ என்று பணம் கட்டிவிடுவார். செயலி எந்த எச்சரிக்கையும் தராது. அதைப் பொறுத்தவரை நீங்கள் கேட்டதைத்தான் அது கொடுத்திருக்கிறது.

தவறு தெரிந்த பிறகு திரும்புவது எளிதல்ல. தஞ்சை பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர், அங்கிருந்து மதுரை, பிறகு திருநெல்வேலி, அதன் பிறகு அம்பாசமுத்திரம் என்று பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். கிட்டத்தட்ட ஒரு முழு நாள் போய்விடும்.

பேருந்தில் செல்பவர்களுக்கு ‘திருநெல்வேலியிலிருந்து பாபநாசம்’, ‘கும்பகோணத்திலிருந்து பாபநாசம்’ என்று ஏறும் இடமே ஊரைக் காட்டிக்கொடுத்துவிடும். நேராக டிக்கெட் எடுக்கும் தொலைதூரப் பயணத்தில்தான் சிக்கல்.

ஊர் சரி... பஸ் சரியா?

சரியான மாவட்டத்துக்கு வந்துவிட்டாலும் கவலை முழுதாகத் தீர்வதில்லை. தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் இடையே பேருந்துகளுக்குக் குறைவே இல்லை. ஆனால், எல்லாப் பேருந்தும் பாபநாசத்தில் நிற்பதில்லை. இடைநில்லாப் பேருந்தில் ஏறிவிட்டால், ஜன்னல் வழியே ஊரைப் பார்த்துக் கையசைக்க வேண்டியதுதான்.

கும்பகோணத்திலிருந்து கபிஸ்தலம், திருவையாறு வழியாகச் செல்லும் பேருந்துகள் வேறு பாதையில் போகின்றன. எனவே, பேருந்தின் நெற்றியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்கக் கூடாது. அதன் கீழே சின்ன எழுத்தில் ‘வழி’ என்று போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும். ஏறும் முன்பே “பாபநாசத்துல நிக்குமா?” என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுவது அதைவிட நல்லது.

ரயிலில் வருபவர்களுக்கு ஒரு கணக்கு. கும்பகோணம் பக்கமிருந்து வந்தால் தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள் கோயில், அடுத்தது பாபநாசம். தஞ்சாவூர் பக்கமிருந்து வந்தால் திட்டை, பசுபதிகோயில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, அடுத்தது பாபநாசம். இவற்றில் பல சிறிய நிலையங்கள். எக்ஸ்பிரஸ் ரயில்கள் நிற்காது. ஆனால், பெயர்ப் பலகை கண்ணில் பட்டால் மூட்டையைக் கட்டத் தொடங்கிவிடலாம்.

இந்த வழியில் இன்னொரு கூட்டமும் உண்டு. பாபநாசத்திலிருந்து சுமார் 6 கிலோமீட்டரில் இருக்கிறது திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில். குழந்தை வேண்டியும், சுகப்பிரசவம் வேண்டியும் வெளியூர்களிலிருந்து பெண்கள் வருகிறார்கள். நிறைமாதக் கர்ப்பிணி ஒருவர் தவறான பேருந்தில் ஏறி, தெரியாத நிறுத்தத்தில் வெயிலில் இறங்கி நிற்பது உடம்புக்கே ஆபத்து. அவர்களோடு வருபவர்கள்தான் வழியைச் சரியாக விசாரித்து வைத்திருக்க வேண்டும்.

பேருந்து நிலையமும் இடம் மாறும்

பெயர் மாறாமல் இடம் மாறிவிடும் குழப்பமும் இருக்கிறது. டெல்டாவிலிருந்து சென்னைக்கு வருபவர்களுக்குப் பல ஆண்டுகள் கோயம்பேடுதான் அடையாளம். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென்மாவட்டப் பேருந்துகள் அங்கே மாறின. பழைய நினைப்பில் கோயம்பேட்டில் போய் நின்றால் கடைசிப் பேருந்தைத் தவறவிட நேரிடும். திருச்சியிலும் 2025-ல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறக்கப்பட்டது. தஞ்சாவூரிலேயே பழைய பேருந்து நிலையம், புதிய பேருந்து நிலையம் என இரண்டு உண்டு.

“பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன், வந்து கூட்டிட்டுப் போ” என்று சொன்னால் போதாது. எந்த பஸ் ஸ்டாண்ட் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய காலம் இது.

பெரியவர்கள் கண்டுபிடித்த வழி

இந்தப் பெயர்க் குழப்பம் பாபநாசத்துக்கு மட்டுமானதல்ல. குரு பகவானை வணங்க ஆலங்குடி போகிறவர்கள் செல்ல வேண்டியது திருவாரூர் மாவட்டத்துக்கு. புதுக்கோட்டை மாவட்டத்திலும் ஓர் ஆலங்குடி இருக்கிறது. திருவாலங்காடு திருவள்ளூர் மாவட்டத்திலும் உண்டு. மயிலாடுதுறை மாவட்டத்தில் குத்தாலம் அருகிலும் உண்டு.

இதற்குப் பெரியவர்கள் எப்போதோ ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். ஒன்றை ராஜமன்னார்குடி என்றார்கள். மற்றொன்றைக் காட்டுமன்னார்குடி என்றார்கள். முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்ததும் குழப்பம் தீர்ந்தது. பேச்சு வழக்கில் நாம் அந்த முன்சொல்லை விட்டுவிட்டோம். செல்போன் வரைபடத்திலும் வெறும் பெயரையே தட்டுகிறோம்.

கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள்!

* ஊர்ப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துத் தேடுங்கள். அழைப்பிதழிலோ, தேர்வு நுழைவுச்சீட்டிலோ அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். பாபநாசம் முகவரியில் 614 என்று தொடங்கினால் தஞ்சை. 627 என்று தொடங்கினால் நெல்லை.

* டிக்கெட் போட்டதும், பயண நேரத்தையும் வழியில் வரும் ஊர்களையும் ஒருமுறை பாருங்கள். நெல்லை போக வேண்டியவர் டிக்கெட்டில் கும்பகோணம் வந்தால், ஏதோ தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

* தனியாகச் செல்லும் பெரியவர்களுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். இறங்கும் ஊர், மாவட்டம், அதற்கு முந்தைய நிறுத்தம், வீட்டு செல்போன் எண். இதைச் சட்டைப்பையில் வைத்தால் போதும். செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் சீட்டு பேசும்.

* கிராமப்புறச் சாலைகளில் சிக்னல் விட்டுவிட்டு வரலாம். வரைபடத்தை முன்பே தரவிறக்கி வையுங்கள்.

வழி தவறிவிட்டால்?

முதலில் பதறாதீர்கள். தவறான பேருந்து என்று தெரிந்ததும் அங்கேயே இறங்கத் துடிப்போம். அது இரவு நேரத்தில் ஆபத்து. கண்டக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். திரும்பிச் செல்லப் பேருந்து கிடைக்கும், ஆள் நடமாட்டம் உள்ள நிறுத்தம் எது என்று அவருக்குத் தெரியும். ‘கேட்டால் சிரிப்பார்களோ’ என்ற கூச்சத்தில் வாயை மூடிக்கொள்வதுதான், பத்து நிமிடத் தவறை மூன்று மணி நேரத் தவறாக ஆக்கிவிடுகிறது.

ரயில் பயணத்தில் உதவிக்கு 139, அவசரத்துக்கு 112, குழந்தைகள் தொடர்பாக 1098, பெண்களுக்கு 181, முதியோருக்கு 14567. இந்த எண்களை வீட்டில் எல்லோருடைய செல்போனிலும் பதிந்து வையுங்கள்.

ஒருவேளை நெல்லைக்குப் பதில் தஞ்சை பாபநாசத்தில் இறங்கிவிட்டீர்களா? அடுத்த வண்டி வரும்வரை பார்க்க இங்கேயும் நிறைய இருக்கிறது. 108 சிவலிங்கங்கள் உள்ள ராமலிங்க சுவாமி கோயில் இருக்கிறது. திருப்பாலைத்துறையில் அப்பர் பாடிய பாலைவனநாதர் கோயிலும், அதன் வளாகத்தில் நாயக்கர் காலத்து வட்ட வடிவ நெற்களஞ்சியமும் இருக்கின்றன. 3,000 கலம் நெல் கொள்ளும் என்கிறார்கள்.

ஆனால், தர்ப்பணமும் தேர்வும் நமக்காகக் காத்திருக்காது. அதனால், அடுத்த முறை வீட்டில் யாராவது “பாபநாசம் போகணும்” என்றால், டிக்கெட் போடும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

“காவிரிக்கா... தாமிரபரணிக்கா?”