64 பேரா, 2,975 பேரா? மரியா புயலின் பலி எண்ணிக்கை மாறியது ஏன்?

2017 செப்டம்பர் 20. கரீபியன் கடலில் உள்ள பியூர்டோ ரிக்கோ தீவைத் தாக்கியது மரியா புயல். அதில் இறந்தவர்கள் 64 பேர் என்று அந்தத் தீவின் அரசு பல மாதங்கள் சொல்லிக்கொண்டிருந்தது. 2018 ஆகஸ்ட்டில் அதே அரசு எண்ணிக்கையை 2,975 என மாற்றியது. கிட்டத்தட்ட 46 மடங்கு! இடையில் இன்னொரு புயல் எதுவும் வரவில்லை. அப்படியென்றால் மீதி 2,900 பேர் எப்படி இறந்தார்கள்? ஏன் முதலில் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை?

அந்த வருஷம் என்ன நடந்தது?

வங்கக் கடலில் உருவானால் சைக்ளோன், அட்லாண்டிக்கில் உருவானால் ஹரிகேன். பெயர்தான் வேறு, ரெண்டுமே வெப்பமண்டலப் புயல்தான். அட்லாண்டிக்கில் ஜூன் முதல் நவம்பர் வரை புயல் சீசன். 2017 சீசனில் மட்டும் பெயர் சூட்டப்பட்ட புயல்கள் 17. அவற்றில் 10 ஹரிகேன்களாக வலுப்பெற்றன. 6 மிகத் தீவிரமானவை.

ஆகஸ்ட் 25-ல் டெக்சாஸில் கரையேறிய ஹார்வி, நகராமல் அங்கேயே சுற்றிக் கொட்டித் தீர்த்தது. நெதர்லாந்து என்ற சிறு நகரில் பதிவான மழை 1,539 மில்லிமீட்டர். வடியாமல் நின்றிருந்தால் ஓர் ஆளின் கழுத்தளவுக்குத் தண்ணீர். செப்டம்பர் 6-ல் மணிக்கு 285 கிலோமீட்டர் வேகக் காற்றுடன் பார்புடா தீவைச் சிதைத்தது இர்மா. அங்கு வசித்த சுமார் 1,800 பேரும் பக்கத்துத் தீவான ஆன்டிகுவாவுக்கு அனுப்பப்பட்டனர்.

அடுத்து வந்ததுதான் மரியா. செப்டம்பர் 18 இரவு டொமினிகாவைத் தாக்கியபோது, அந்நாட்டுப் பிரதமர் ரூஸ்வெல்ட் ஸ்கெரிட்டின் வீட்டுக் கூரையே பறந்தது. அதை அவரே ஃபேஸ்புக்கில் பதிவிட்டார். இரண்டு நாளில் மரியா பியூர்டோ ரிக்கோவில்.

இந்த மூன்று புயல்களால் அமெரிக்காவுக்கும் அதன் ஆளுகையில் உள்ள தீவுகளுக்கும் ஏற்பட்ட இழப்பு சுமார் 26,500 கோடி டாலர்.

காற்று நின்றது, கரன்ட் வரவில்லை

பியூர்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிப் பகுதி. மாநில அந்தஸ்து கிடையாது. மக்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், ஆனால் தீவில் இருந்தபடி அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடியாது. சுமார் 33 லட்சம் பேர் வாழ்ந்த அந்தத் தீவு முழுக்க ஒரே நாளில் இருளில் மூழ்கியது.

காரணம், புயலுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. மின் நிலையங்கள் பெரும்பாலும் தீவின் தெற்கே இருந்தன. மின்சாரம் அதிகம் தேவைப்பட்ட தலைநகர் சான் ஹுவான் இருப்பது வடக்கே. நடுவில் மலை. மலையைத் தாண்டி வரும் மின்கம்பிகள்தான் தீவின் உயிர்நாடி. அவற்றைப் பராமரிக்க வேண்டிய அரசு மின்வாரியமோ கடனில் தத்தளித்து, 2017 ஜூலையில்தான் திவால் பாதுகாப்பு கோரியிருந்தது. அதற்குமேல் இர்மா வேறு இரண்டு வாரம் முன்பு உரசிவிட்டுப் போயிருந்தது.

மரியாவுக்கு மறுநாள் செல்போன் கோபுரங்களில் 95 சதவீதம் வேலை செய்யவில்லை. கடைசி வீடுகளுக்கு மின்சாரம் திரும்ப சுமார் 11 மாதங்கள் ஆயின.

கரன்ட் இல்லன்னா உயிர் எப்படிப் போகும்?

வீட்டிலேயே ஆக்ஸிஜன் கருவியை நம்பி இருப்பவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்தாக வேண்டியவர், ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருக்கும் சர்க்கரை நோயாளி... இவர்கள் எல்லோருக்கும் மின்சாரமே மருந்து மாதிரி. ஜெனரேட்டர் இருந்தாலும் டீசல் வேண்டும். டீசல் வர சாலை வேண்டும். சாலையில் மரங்களும் மண்ணும் சரிந்து கிடந்தன. ஆம்புலன்ஸைக் கூப்பிட போனில் சிக்னல் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஓடைத் தண்ணீரைப் பயன்படுத்த வேண்டிய நிலை. எலிக்காய்ச்சலும் பரவியது.

பாதிப்பு தீவோடு நிற்கவில்லை. அமெரிக்க மருத்துவமனைகளுக்கு சலைன் பைகள் தயாரித்த தொழிற்சாலை பியூர்டோ ரிக்கோவில் இருந்தது. அது முடங்கியதால் அமெரிக்கா முழுக்க சலைனுக்குத் தட்டுப்பாடு.

அப்போ 64 என்ற கணக்கு?

சிக்கல் இறப்புச் சான்றிதழில் இருந்தது. இடிந்த சுவரில் சிக்கியோ வெள்ளத்தில் மூழ்கியோ இறந்தால் அது நேரடி புயல் மரணம். புயலுக்கு மூன்று வாரம் கழித்து, ஆக்ஸிஜன் கருவி ஓடாமல் ஒரு முதியவர் இறந்தால்? சான்றிதழில் ‘மாரடைப்பு’ என்றோ ‘மூச்சுத்திணறல்’ என்றோதான் எழுதப்படும். இப்படிப்பட்ட மறைமுக மரணங்களையும் பேரிடரோடு சேர்த்துப் பதிய வேண்டும் என்ற வழிகாட்டுதலும் பயிற்சியும் பல டாக்டர்களிடம் போய்ச் சேரவில்லை.

அதிபர் டிரம்ப் அக்டோபர் 3-ல் தீவுக்கு வந்தபோது அதிகாரபூர்வ எண்ணிக்கை வெறும் 16. அதை 2005-ன் கத்ரீனா புயலோடு ஒப்பிட்டுப் பேசினார் அவர்.

உண்மை எப்படி வெளியே வந்தது?

ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். வழக்கமாக அந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், புயலுக்குப் பிறகு எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்து, இரண்டுக்குமான வித்தியாசத்தை எடுத்தார்கள். கொரோனா காலத்தில் நாம் அடிக்கடி கேட்ட ‘கூடுதல் மரணங்கள்’ கணக்கு இதுதான்.

ஹார்வர்டு குழு 3,299 வீடுகளில் விசாரித்து, 2018 மே மாதம் 4,645 என்ற மதிப்பீட்டைச் சொன்னது. சில நூறு முதல் 8,000-க்கு மேல் வரை இருக்கலாம் என்ற பெரிய இடைவெளி கொண்ட மதிப்பீடு அது. ஆனால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது: மூன்றில் ஒரு பங்கு மரணங்களுக்குச் சிகிச்சை தாமதமானதோ தடைபட்டதோதான் காரணம்.

அடுத்த மாதம் சான் ஹுவானில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்பு, இறந்தவர்களின் காலணிகளை ஜோடி ஜோடியாக வைத்தனர் உறவினர்கள். பலி விவரங்களைக் கேட்டு ஊடகங்கள் நீதிமன்றம் போயின. கடைசியில், அரசே கேட்டுக்கொண்டதன் பேரில் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகம் செய்த ஆய்வில் 2,975 என்ற எண் வந்தது. 2017 செப்டம்பர் முதல் 2018 பிப்ரவரி வரையிலான கணக்கு இது. ஏழைகள் வாழும் நகராட்சிகளிலும், 65 வயதைக் கடந்த ஆண்களிடமும் மரண ஆபத்து அதிகமாக இருந்தது. அரசு இதை ஏற்றது. டிரம்ப் ஏற்கவில்லை.

இந்த எண் ஏன் முக்கியம்?

64 என்றால் புயல் அடித்த நாளோடு ஆபத்து முடிந்தது என்று அர்த்தமாகிவிடும். 2,975 என்றால் ஆறு மாதமும் அது பேரிடர்தான். அதற்கு ஜெனரேட்டரும், டயாலிசிஸ் மையங்களுக்கு டீசலும், தனியாக இருக்கும் முதியவர்களின் பட்டியலும் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

மரியா என்ற பெயர் புயல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, அந்த இடத்துக்கு மார்கோ என்ற பெயர் வந்துவிட்டது. மின்கட்டமைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. 2022 செப்டம்பரில், மரியாவைவிட வலிமை மிகவும் குறைந்த ஃபியோனா புயல் வந்தபோது, பியூர்டோ ரிக்கோ முழுவதும் மறுபடியும் கரன்ட் போனது.